கீரி குற்றவாளியாம், கொண்டுவந்தவன் கனவானாம்!

அமெரிக்க சர்வகலாசாலைகளில் ஒரு படிப்பு நடக்கிறது. விடுமுறைக் காலத்தில் பேராசிரியர் ஒருவர் பதினைந்து இருபது மாணவர்களை விமானத்தில் ஏற்றிக்கொண்டு பசிபிக் சமுத்திரத்தின் நடுவிலுள்ள ஹவாய்த் தீவுகளுக்குப் போகிறார். இரண்டு மூன்று வாரம் தங்குகிறார்கள். தலைக்கு ஆயிரக்கணக்கான டாலர் செலவு. எரிமலை பார்க்கிறார்கள். காட்டில் நடந்து பறவைக் குரலைக் குறித்துக்கொள்கிறார்கள். ஒருநாள் காலையில் சுதேசி விவசாயியின் சேம்பு வயலில் இறங்கிக் களை பறிக்கிறார்கள். சாயங்காலம் ஒரு கிழவியம்மாள் பழைய பாட்டு ஒன்றைச் சொல்லிக்கொடுக்கிறாள். 'தீவின் இயற்கையும் பூர்வகுடிகளின் பண்பாடும்' என்று படிப்புக்குப் பெயர். ஊர் திரும்பிக் கட்டுரை எழுதிக் கொடுத்தால் மார்க்கு.

படிக்கட்டுமே, அதில் என்ன தப்பு என்று தோழர்கள் கேட்கலாம். படிப்பதில் தப்பே இல்லை. புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சேற்றில் காலை வைத்துப் படிப்பது உயர்ந்த படிப்பு என்றுகூடச் சொல்வோம். அந்த மாணவர்களில் பெரும்பாலோர் நல்லெண்ணத்தோடுதான் வருகிறார்கள். நமது சண்டை அவர்களோடு அல்ல. முதலில் கேட்கவேண்டிய கேள்வியைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு நடத்தப்படும் பாடத்தோடு. இந்த மண் யாருடையது? இந்த ஓடைத் தண்ணீரைத் திருப்பிக்கொண்டு போனவன் யார்? இந்தக் கரும்புக் காட்டில் முதுகொடிய வேலை செய்தவன் யார்? சில ஆசிரியர்கள் இதையும் சொல்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அது ஒரு மாலைப் பிரசங்கத்தோடு முடிந்துபோகிறது. மறுநாள் காலை மறுபடியும் பறவை.

பறவையிலிருந்தே நாமும் தொடங்குவோம். எந்தக் கண்டத்திலிருந்து கிளம்பினாலும் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடலைத் தாண்டினால்தான் ஹவாயை அடைய முடியும். அங்கு இயற்கையாக வளரும் பூச்செடிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு வகை உலகத்தில் வேறெங்கும் கிடையாது. எப்போதோ வந்து சேர்ந்த ஒரு குருவி இனத்திலிருந்து ஐம்பதுக்கு மேற்பட்ட பறவை வகைகள் அங்கே பெருகின. பூவுக்கு ஏற்ற அலகு, காய்க்கு ஏற்ற அலகு என்று. அவற்றில் பெரும்பகுதி இன்று இல்லை. 2023-ல் அமெரிக்க சர்க்கார் எட்டு ஹவாய்ப் பறவை இனங்கள் அடியோடு அழிந்துவிட்டதாக அறிவித்தது. ஏன் அழிந்தன? பாடத்தில் பதில் தயாராக இருக்கிறது: 'அன்னிய உயிரினங்கள்'. கொசு, எலி, பன்றி, கீரி!

கீரியின் கதையைக் கேளுங்கள். அது நம் நாட்டுக் கீரி. 1872-ல் கல்கத்தாவிலிருந்து பிடித்து ஜமைக்காத் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து 1883-ல் எழுபத்திரண்டு கீரிகளை ஹவாய்க்குக் கப்பலேற்றினார்கள். எதற்கு? கரும்பை எலி கடிக்கிறது, லாபம் குறைகிறது, ஆகவே எலியைக் கீரி தின்னட்டும் என்று தோட்ட முதலாளிகள் கணக்குப் போட்டார்கள். எலி இரவில் திரியும், கீரி பகலில் வேட்டையாடும் என்பது நம் ஊர் மாடு மேய்க்கும் பையனுக்குத் தெரியும். கோடீஸ்வரனுக்குத் தெரியவில்லை. கீரி எலியை விட்டுவிட்டுத் தரையில் கூடுகட்டும் பறவைகளின் முட்டையைத் தின்றது. 'நேனே' என்ற ஹவாய் வாத்து அழிவின் விளிம்புக்குப் போனதில் கீரிக்கும் பங்கு உண்டு.

இன்று என்ன நடக்கிறது? கீரி மீது குற்றப்பத்திரிகை படிக்கப்படுகிறது. மாணவர்கள் கீரிப் பொறி வைக்கக் கற்றுக்கொள்கிறார்கள். கொண்டுவந்தவனுடைய பெயர் அந்தக் குற்றப்பத்திரிகையில் இல்லை! 'மனித நடமாட்டத்தால் தீவின் இயற்கை கெட்டது' என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். எந்த மனிதன்? கூலிக்குக் கரும்பு வெட்டிய மனிதனா, லாபத்தை மூட்டைகட்டிக்கொண்டு போன மனிதனா? இரண்டு பேரையும் ஒரே சொல்லில் அடைத்துவிட்டால் முதலாளி எளிதாக நழுவிப்போகிறான்.

தீவின் ஜனங்கள் நிலத்தை எப்படி வைத்திருந்தார்கள் என்று பாருங்கள். மலை உச்சியில் தொடங்கிக் கடற்கரை வரை இறங்கும் ஒரு நீளத் துண்டு நிலத்துக்கு 'ஆஹுபுவா' என்று பெயர். மேலே மரம், நடுவே சேம்பு வயல், கீழே மீன் குளம். ஓடைத் தண்ணீர் வயலில் பாய்ந்து மறுபடி ஓடைக்கே திரும்பும். 'கலோ' என்று அவர்கள் சொல்லும் பயிர் வேறொன்றுமில்லை, நம் சேப்பங்கிழங்கின் ஜாதிதான். அந்தச் சேம்பைத் தங்கள் இனத்துக்கே அண்ணன் என்று அவர்கள் சொல்வார்கள்: இறந்து பிறந்த மூத்த பிள்ளையைப் புதைத்த இடத்தில் முளைத்தது சேம்பு, இரண்டாவது பிள்ளை மனிதன் என்பது அவர்களது கதை.

அன்று பாலும் தேனும் ஓடியதென்று நாம் கதை கட்டமாட்டோம். அங்கும் பிரபுக்கள் இருந்தார்கள், உழைப்பவன் அவர்களுக்குப் படியளந்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வியாபாரிகளுக்குப் பட்ட கடனை அடைக்க அந்தப் பிரபுக்களே ஜனங்களை மலையேற்றிச் சந்தன மரம் வெட்டச்சொன்னார்கள், வயல்கள் பாழ்பட்டன. ஆனாலும் தண்ணீரும் மண்ணும் விற்பனைச் சரக்காக இருந்ததில்லை. அதைச் சரக்காக்கியது 1848-ல் நடந்த நிலப் பங்கீடு. மன்னனும் பிரபுக்களும் சர்க்காரும் நிலத்தைப் பிரித்துக்கொண்டார்கள். அந்தத் தீவுக்கூட்டத்தின் நிலம் சுமார் நாற்பது லட்சம் ஏக்கர். 1850-ம் வருஷச் சட்டப்படி உழுதவர்களுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 28,600 ஏக்கர். நூற்றில் ஒரு பங்குகூட இல்லை! அதே 1850-ல் அன்னியர் நிலம் வாங்கலாம் என்று சட்டம் வந்தது. வேலையை விட்டு ஓடும் கூலியைப் பிடித்துத் தண்டிக்கும் சட்டமும் அதே வருஷம் வந்தது. முதலில் நிலம், உடனே ஆள். முதலாளித்துவம் எங்கே போனாலும் இந்த இரண்டையும் ஜோடியாகத்தான் பிடிக்கும்.

வெளியிலிருந்து வந்த நோய்களில் ஜனங்கள் கொத்துக் கொத்தாக மாண்டார்கள். 1778-ல் முதல் ஆங்கிலேயக் கப்பல் வந்தபோது லட்சக்கணக்கில் இருந்த சுதேசிகள் 1890-களில் சுமார் நாற்பதாயிரம் பேர்தான். 1893-ல் அமெரிக்கக் கப்பலிலிருந்து துருப்புகள் இறங்கி நிற்க, தோட்ட முதலாளிகளின் கும்பல் லிலியுஒகலானி ராணியின் ஆட்சியைக் கவிழ்த்தது. அமெரிக்காவோடு சேர்க்கக்கூடாது என்று 1897-ல் 21,269 பேர் கையெழுத்திட்ட மகஜர் வாஷிங்டனுக்குப் போயிற்று. 1898-ல் சேர்த்துவிட்டார்கள். பதினெட்டு லட்சம் ஏக்கர் ராஜ நிலமும் சர்க்கார் நிலமும் அமெரிக்கா கைக்குப் போயின. நூறு வருஷம் கழித்து, 1993-ல், அமெரிக்க காங்கிரஸ் தீர்மானம் போட்டு மன்னிப்புக் கேட்டது. மன்னிப்பு வந்தது, நிலம் வரவில்லை.

இதற்கு நடுவே 1896-ல் பள்ளிக்கூடங்களில் இங்கிலீஷே பாட மொழி என்று சட்டம் செய்தார்கள். தாய்மொழி பேசிய பிள்ளைகள் வகுப்பில் தண்டிக்கப்பட்டார்கள். 1980-களில் பெற்றோர்கள் தாங்களே கூடி மழலைப் பள்ளிகள் தொடங்கி அந்த மொழியைப் பிழைக்கவைத்தார்கள். இன்று மாணவர்களுக்குக் கிழவியம்மாள் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறாளே, அந்தப் பாட்டு எதைத் தாண்டி அவள் வாய்க்கு வந்து சேர்ந்தது என்பது பாட்டைவிடப் பெரிய பாடம்.

பூர்வகுடிப் பண்பாடு என்று சொல்லிக்கொண்டு இவர்கள் காட்டாமல் விடும் இன்னொரு கூட்டம் உண்டு. ஆலைத் தொழிலாளி! சீனா, ஜப்பான், போர்ச்சுகல், கொரியா, பிலிப்பைன்ஸ் என்று தேசம் தேசமாக ஆள் பிடித்து இறக்கினார்கள். கழுத்தில் எண் பொறித்த உலோகப் பில்லை. அதற்கு 'பாங்கோ' என்று பெயர். சம்பளப் பட்டியலில் மனிதன் பெயர் இல்லை, பில்லை எண்தான். குதிரைமேல் சாட்டையோடு சுற்றும் கங்காணிக்கு 'லூனா' என்று பெயர். ஒரே வேலைக்குப் போர்ச்சுகீசியனுக்கு மாதம் இருபத்திரண்டரை டாலர், ஜப்பானியனுக்குப் பதினெட்டு. பிரித்து வைத்தால்தான் ஆளமுடியும் என்பது முதலாளியின் பாடப்புத்தகம். 1909-ல் ஜப்பானியத் தொழிலாளிகள் மட்டும் வேலைநிறுத்தம் செய்தார்கள், தோற்றார்கள். 1924-ல் கவாய்த் தீவின் ஹனபேபே ஊரில் பிலிப்பினோத் தொழிலாளிகள் பதினாறு பேர் போலீசின் குண்டுக்குப் பலியானார்கள். போலீசாரிலும் நால்வர் மாண்டனர். 1946-ல் எல்லா ஜாதியாரும் ஒரே சங்கத்தில் திரண்டார்கள். 79 நாள் கரும்பாலைகள் நின்றன. ஜெயித்தார்கள்! பழிவாங்க ஏழு பேரைக் கம்யூனிஸ்டுகள் என்று 1951-ல் பிடித்து, 1953-ல் தண்டித்தார்கள். 1958-ல் மேல்கோர்ட்டு அந்தத் தண்டனையை ரத்து செய்தது.

தீவின் காடும் ஓடையும் ஏன் இப்படி மாறின என்று புரிந்துகொள்ள இந்தக் கணக்கு வேண்டாமா? பில்லை அணிந்தவன் கைதான் அந்த வாய்க்கால்களை வெட்டியது.

மாவித் தீவின் கிழக்கு மலையில் மழை கொட்டும். அந்த மழை சேம்பு வயலுக்கு இறங்கவேண்டியது. 1870-களில் அலெக்ஸாண்டர்-பால்ட்வின் கம்பெனிக்காரர்கள் மலையைக் குடைந்து வாய்க்கால் வெட்டி, நடுத் தீவின் வறண்ட பூமியிலுள்ள கரும்புக்குத் திருப்பினார்கள். ஓடைகள் வற்றின. ஓடையில் வாழும் மீனும் இறாலும் கடலிலிருந்து மேலேறி வர வழி அற்றது. சேம்பு வேகும் சூட்டுக்குத் தண்ணீர் தேங்கி அழுகியது. கடைமடையில் நிலம் வைத்திருப்பவனுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை. மேல்மடைக்காரன் மதகை அடைத்தால் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும். 2001-ல் அந்தச் சேம்பு விவசாயிகள் இருபத்தேழு ஓடைகளுக்குத் தண்ணீர் கேட்டு மனுப்போட்டார்கள். தீர்ப்பு வந்தது 2018-ல். பதினேழு வருஷம்! அதற்குள் கரும்பே போய்விட்டது. 2016 டிசம்பரில் கடைசி அறுவடை முடிந்தது, ஆலை மூடியது, ஆலைத் தொழிலாளி தெருவில் நின்றான். 2018 முடிவில் கம்பெனி அந்த 41,000 ஏக்கரையும் 26 கோடியே 20 லட்சம் டாலருக்கு விற்றது. வாங்கிய ஸ்தாபனத்தின் பின்னால் இருப்பது கனடா சர்க்கார் ஊழியர்களின் ஓய்வூதிய நிதி! ஒரு தேசத்துத் தொழிலாளியின் சேமிப்பைக் கொண்டே இன்னொரு தேசத்து உழவனின் மண்ணை வாங்கும் சாமர்த்தியம் மூலதனத்துக்குத்தான் உண்டு.

மேற்கு மாவியிலும் இதே கதைதான், அங்கே அது தீயில் முடிந்தது. லஹைனா பட்டணம் ஒரு காலத்தில் குளமும் சேம்பு வயலுமாக இருந்த ஈர பூமி. தண்ணீரைக் கரும்பாலை எடுத்துக்கொண்டது. குளத்தை 1914-ல் மண் போட்டு மூடினார்கள். 1999-ல் ஆலை மூடியபிறகு நிலத்தைத் தரிசாகப் போட்டார்கள். மாட்டுத் தீவனத்துக்கென்று வெளியிலிருந்து கொண்டுவந்த புல் ஆளுயரம் வளர்ந்து காய்ந்து நின்றது. 2023 ஆகஸ்டு 8-ந் தேதி பேய்க்காற்றில் மின்கம்பி அறுந்து தீப்பிடித்தது. 102 பேர் மாண்டார்கள். பட்டணம் சாம்பலாயிற்று. அப்போதும் புல்லைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள்: 'அன்னியப் புல்'!

சரி, இந்தப் பாடம் நடத்தும் சர்வகலாசாலை யார் பக்கம்? வெளியூர்க்காரர்களை விடுங்கள். ஹவாய் மண்ணிலேயே உள்ள சர்வகலாசாலையை எடுத்துக்கொள்வோம். 2002-ல் அது மூன்று சேம்பு ரகங்களுக்கு பேடண்ட் உரிமை வாங்கியது. இலைக்கருகல் நோயைத் தாங்கும் ரகங்கள், நல்ல ஆராய்ச்சிதான். ஆனால் நூற்றாண்டு நூற்றாண்டாக அந்தப் பயிரைப் பொறுக்கி, பிரித்து, பெயர் வைத்து, நூற்றுக்கணக்கான ரகமாக வளர்த்தவன் உழவன். அவன் தந்த பயிர்மேல் கடைசி ஒரு சாண் வேலையைச் செய்துவிட்டு, நடுகன்றுக்கு உரிமைப்பணம் கட்டு என்றால் எப்படி? அண்ணனுக்கு பேடண்ட்டா என்று அவர்கள் கேட்டார்கள். சர்வகலாசாலை வாசலில் திரண்டார்கள். 2006-ல் அந்த உரிமையை சர்வகலாசாலை கைவிட நேர்ந்தது. சேம்பு வயலில் அரைநாள் களை பறிக்கும் மாணவனுக்கு இந்த 2006-ம் வருஷத்தைச் சொல்லாமல் சேம்பின் தாவரப் பெயரை மட்டும் சொல்லிக்கொடுத்தால், அதைப் படிப்பு என்று நாம் ஒப்பமாட்டோம்.

அடுத்தது மலை. இதில் நம் தோழர்கள் சிலருக்கே சந்தேகம் இருக்கிறது, ஆகையால் சற்று நிதானமாகப் பேசுவோம். ஹவாயின் பெரிய தீவில் மவுனா கேயா என்ற மலை, 4,200 மீட்டர் உயரம். மேகத்துக்கு மேல் நிற்பதால் நட்சத்திரம் பார்க்க உலகத்திலேயே சிறந்த இடங்களில் ஒன்று. சுதேசிகளுக்கு அது புனித மலை. 1968-ல் சர்க்கார் அதன் உச்சியை அந்த சர்வகலாசாலைக்கு 65 வருஷத்துக்குக் குத்தகைக்குக் கொடுத்தது. வாடகை வருஷத்துக்கு ஒரு டாலர்! நிலம் எது? 1898-ல் கைமாறிய அதே நிலம். அதன்மேல் பதின்மூன்று தொலைநோக்கிகள் எழுந்தன. மறுபக்கம் பாருங்கள்: 1921-ம் வருஷச் சட்டப்படி சுதேசிகளுக்குக் குடிமனை நிலம் என்று ஒதுக்கியதில், கரும்பு விளையும் நல்ல பூமியை விலக்கிவிட்டு மிச்சத்தைத்தான் கொடுத்தார்கள். அந்த மிச்சத்துக்கும் இன்று இருபதினாயிரத்துக்கு மேற்பட்டோர் பட்டியலில் காத்து நிற்கிறார்கள். காத்திருந்தபடியே செத்தவர்கள் அநேகம். 2020 கணக்கெடுப்பில் ஹவாய்ச் சுதேசிகளில் பாதிக்கு மேற்பட்டோர் பிழைப்புத் தேடிக் கண்டத்துக்குப் போய்விட்டதாகத் தெரிந்தது. வானத்தைப் பார்க்க ஒரு டாலரில் இடம் உண்டு. குடிசை போட இடமில்லை.

இப்போது முப்பது மீட்டர் அகலக் கண்ணாடி வைத்த பூதாகாரமான தொலைநோக்கி ஒன்றை அங்கே கட்டவேண்டுமென்கிறார்கள். 2019 ஜூலையில் ஜனங்கள் மலையடிவாரச் சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். 17-ந் தேதி போலீஸ் வந்து கைது செய்தது. கைதானவர்கள் கிழவர்களும் கிழவிகளும். இளைஞர்களைப் பின்னே நிறுத்திவிட்டு முதியோர் முன்னே வந்து உட்கார்ந்தார்கள்.

'நாம் விஞ்ஞானத்தின் பக்கம் நிற்பவர்களாயிற்றே; புனித மலை என்ற மூடநம்பிக்கைக்காக விஞ்ஞானத்தைத் தடுப்பதா?' என்று ஒரு தோழர் கேட்கிறார். நியாயமான கேள்வி. நாம் சாமியாட்டத்துக்கு வக்காலத்து வாங்கவில்லை. நட்சத்திரத்தை ஆராய வேண்டும், இன்னும் பெரிய கண்ணாடியும் வேண்டும். ஆனால் நட்சத்திரம் பார்த்தே கடலைக் கடந்து அந்தத் தீவுகளைக் கண்டுபிடித்தவர்களின் சந்ததியார் அவர்கள். வானசாஸ்திரத்துக்கு விரோதி என்று அவர்களைச் சொல்வது வேடிக்கை. தொலைநோக்கியை ஆதரிக்கும் சுதேசிகளும் உண்டு என்பதையும் மறைக்கவேண்டியதில்லை. கேள்வி வேறு. திருடிய வீட்டின் மொட்டைமாடியில் ஏறி நட்சத்திரம் பார்க்கிறேன், விஞ்ஞானத்துக்காகப் பொறுத்துக்கொள் என்றால் வீட்டுக்காரன் என்ன சொல்வான்? 'கடவுளுக்காக' என்று நிலத்தைப் பறித்தார்கள், பிறகு 'நாகரிகத்துக்காக' என்றார்கள், இன்று 'விஞ்ஞானத்துக்காக' என்கிறார்கள். பெயர் மாறுகிறது, பத்திரம் ஒருவன் கையிலேயே இருக்கிறது. விஞ்ஞானத்தின் பெயரை இப்படிக் கெடுப்பவன்தான் விஞ்ஞானத்தின் விரோதி.

நமக்கென்ன, எங்கோ கிடக்கும் தீவு என்று இருந்துவிட முடியாது. அந்தத் தொலைநோக்கியில் அமெரிக்கா, கனடா, ஜப்பானோடு நம் இந்திய சர்க்காரும் பங்காளி. 2014 செப்டம்பரில் மத்திய மந்திரிசபை இதற்குச் சுமார் 1,300 கோடி ரூபாய்க்கு அனுமதி கொடுத்தது. அது நம் பணம். பஞ்சாலையில் நூல் இழைப்பவனும் நடவு நடுபவளும் கட்டிய வரி. சாலையில் உட்கார்ந்த கிழவியைத் தூக்கிப்போட்ட காரியத்தில் நம் பங்கும் கலந்திருக்கிறது.

அந்தப் படிப்புக்குப் போகும் மாணவனுக்கு நாம் சொல்வது இவ்வளவுதான். போ, கட்டாயம் போ. முதல் நாள் எரிமலைக்குப் போகாதே, நிலப் பதிவேடு இருக்கும் கச்சேரிக்குப் போ. நீ நிற்கும் துண்டு 1848-ல் யாரிடம் இருந்தது, இன்று யாரிடம் இருக்கிறது என்று எழுது. இரண்டாம் நாள் ஓடையின் மேல்மடைக்குப் போய்த் தண்ணீர் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார். மூன்றாம் நாள் மூடிக்கிடக்கும் ஆலையின் பழைய தொழிலாளியைத் தேடிப்பிடித்து அவன் பேச்சைக் கேள். பிறகு பறவையைப் பார். அது ஏன் குறைந்தது என்று உனக்கே விளங்கும். உன் கட்டுரைக்கு மார்க்குப் போடும் உரிமை சேம்பு விவசாயிக்கு உண்டா என்று உன் பேராசிரியரையும் கேள்.

மலை உச்சியின் குத்தகை 2033-ல் முடிகிறது. 2022-ல் போட்ட சட்டப்படி மலை நிர்வாகம் சர்வகலாசாலை கையிலிருந்து ஒரு புதிய குழுவுக்கு மாறவேண்டும். 2028 ஜூலை அதற்குக் கெடு. குழுவில் சுதேசிகளுக்கும் இடம் உண்டு என்கிறார்கள். பாம்பும் சாகாமல் தடியும் முறியாமல் காரியம் நடத்தப் பார்க்கிறார்களா, உண்மையாகவே மலையை ஒப்படைக்கப் போகிறார்களா என்பதை அந்த ஜனங்கள் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருக்கிறார்கள். நாம் இங்கே செய்யவேண்டியது ஒன்று உண்டு. மலையின் ஜனங்கள் தாங்களாகச் சம்மதிக்காத வரை இந்திய சர்க்காரின் பங்குப் பணத்தில் ஒரு பைசாவும் மவுனா கேயாவில் செலவாகக் கூடாது என்று பார்லிமெண்டில் கேட்கவேண்டும். நமது சங்கங்களும் இந்தத் தீர்மானத்தைப் போட்டு டில்லிக்கு அனுப்பவேண்டும்.